குச்சியாக வந்த கிழங்கு

காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு விடும் நேரம். உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு தள்ளுவண்டியில் ஆவி பறக்க நிற்கிறது. தாள் பொட்டலத்தில் நாலு துண்டு, மேலே மிளகாய்த்தூள். வண்டியைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாப் பையன்கள். நவராத்திரி விரதத்தில் தங்கள் ஊரில் உண்ணும் சாபுதானாவும், அதாவது ஜவ்வரிசியும், இதே கிழங்குதான் என்று சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள்.

சேலம், நாமக்கல் பக்கம் இதற்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர். குமரி மாவட்டத்தில் மரச்சீனி. எனக்குக் குச்சிக்கிழங்குதான் சரியான பெயராகப் படுகிறது. விதை வேண்டாம், விதைக்கிழங்கும் வேண்டாம். தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி நட்டால் போதும். பிறந்த இடமான பிரேசிலிலிருந்து இது உலகம் சுற்றியதும் அப்படிக் குச்சியாகத்தான்.

போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இதைக் காங்கோ கரைக்குக் கொண்டுபோனார்கள். அடிமைக் கப்பல்களில் அடைத்தவர்களுக்குப் போட்டதும் இதன் மாவுதான். இந்தக் கிழங்கின் கதையில் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆப்பிரிக்க உழவர்கள் இதை ஏற்றுக்கொண்ட காரணம் வேறு. வெட்டுக்கிளி வந்தால் இலைதான் போகும், கிழங்கு மண்ணுக்குள் பத்திரம். அறுவடைக்கு அவசரமும் இல்லை. பிடுங்காமல் விட்டால் வயலே களஞ்சியம். கசப்பு வகையில் சயனைடு நஞ்சு உண்டு. ஊறவைத்து, துருவிப் புளிக்கவைத்து, பிழிந்து வறுத்து அதை வெளியேற்றக் கற்றார்கள். இன்று உலக விளைச்சலில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில், முதலிடம் நைஜீரியாவுக்கு.

நம் பக்கம் மலையாளக் கரையில் இறக்கியவர்களும் போர்த்துகீசியர்தான் என்பார்கள். வேர்பிடிக்க வைத்தவர் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள். விஷக்கிழங்கு என்று குடிகள் அஞ்சியதால் அரண்மனையிலேயே சமைத்துப் பரிமாறச் செய்தார் என்று ஒரு கதை. ராஜா சாப்பிட்டாரோ இல்லையோ, 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அரிசிக் கப்பல் நின்றபோது திருவிதாங்கூர் வயிற்றை நிரப்பியது இதுதான். இலங்கையிலும் 1970களின் அரிசித் தட்டுப்பாட்டில் மரவள்ளிதான் கைகொடுத்தது. அங்கே இதோடு இஞ்சி சேர்த்துவிடாதே என்று இன்றும் எச்சரிப்பார்கள்.

பர்மாவைப் பறித்த அதே இரண்டாம் உலகப் போர்தான் சேலத்துக்குத் தொழிலைத் தந்தது. ஜவ்வரிசி என்பது ஜாவா அரிசி. மலேயாப் பக்கத்துப் பனையின் சோற்றிலிருந்து செய்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. வரத்து நின்றதும், 1943 வாக்கில், கருவாட்டு வியாபாரமாகக் கேரளம் போய்வந்த மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து திரும்பிய போபட்லால் ஷாவோடு சேர்ந்து மரவள்ளி மாவில் ஜவ்வரிசி உருட்டினார். நம் வீட்டில் அது பாயசமும் வடகமும். வடக்கே தானியம் தொடாத விரத நாளின் ஆகாரம். அமெரிக்கக் கிழங்கு, ஜாவாப் பெயர், சேலத்துத் தயாரிப்பு. விரதம் மட்டும் கெடவில்லை.

செடி வந்த வழியில் அதன் எதிரியும் வந்தது. 1970களில் தென்னமெரிக்க மாவுப்பூச்சி ஆப்பிரிக்க வயல்களை வெளுக்கடித்தது. ஹான்ஸ் ஹெரென் என்ற சுவிஸ் பூச்சியியலாளரின் குழு, பராகுவேயில் அந்தப் பூச்சியைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து வளர்த்துப் பரப்பியது. 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு. 2020இல் அதே மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டது, பிறகு சேலம், நாமக்கல் தோட்டங்களில். குருத்து சுருண்டு செடி குட்டையாகி நின்றது. இந்திய விஞ்ஞானிகள் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியைத் தருவித்து, பெங்களூரில் சோதித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் திறந்துவிட்டார்கள். தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, தமிழ்நாடு: குச்சி நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட வழியை, ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் குளவி நாற்பது ஆண்டில் முடித்துவிட்டது.