பிரமிடு பக்கத்துல ஒரு மளிகைக் கடை

போன தடவை ஊருக்குப் போனப்ப வீட்ல ஒரு பஞ்சாயத்து. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பெரிய சூப்பர் மார்க்கெட் ஒண்ணு வரப்போகுதாம். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கும், விலையும் எழுதி ஒட்டியிருப்பான், வெயில்ல நாலு கடை ஏறி இறங்க வேணாம்"ங்கறாங்க. சித்தப்பா அதே ரோட்டில் இருபது வருஷமா மளிகைக் கடை வெச்சிருக்கார். அவர் ஒண்ணும் பேசலை. காபியைக் குடிச்சிட்டு டம்ளரைக் கவுத்து வெச்சிட்டுக் கிளம்பிட்டார். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. நான் வழக்கம்போல நடுவுல உட்கார்ந்து மொபைலை நோண்டிக்கிட்டிருந்தேன் :-)

அப்போ ஞாபகத்துக்கு வந்த கதைதான் இந்தப் பதிவு. இதே சண்டை 2004-ல் மெக்சிகோவில் ஒரு சின்ன ஊரில் நடந்தது. எல்லாரும் அன்னிக்கு எதைப் பத்தி அடிச்சுக்கிட்டாங்களோ, உண்மையான விஷயம் அது இல்லைன்னு எட்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. கொஞ்சம் நீளமான கதை, பொறுமையா வாங்க.

ஊர் பேர் சான் ஹுவான் தியோத்திவாக்கான். மெக்சிகோ சிட்டியிலிருந்து வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர். பேரைக் கேட்டதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமா, அந்த சூரியப் பிரமிடும் சந்திரப் பிரமிடும் இருக்கிற தியோத்திவாக்கானேதான். சூரியப் பிரமிடின் உயரம் சுமார் 65 மீட்டர். கிட்டத்தட்ட நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் அளவு. ஆனா அடிப்பாகம் மட்டும் ஒவ்வொரு பக்கமும் 220 மீட்டருக்கு மேல! கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் லட்சம் பேருக்குக் குறையாமல் வாழ்ந்த நகரம் அது. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் சரிந்து போனது. கட்டினவங்க தங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டாங்கன்னுகூட யாருக்கும் தெரியாது. தியோத்திவாக்கான் என்பதே பல நூற்றாண்டு கழிச்சு அங்கே வந்த அஸ்டெக்குகள் வெச்ச பேர்.

இன்னொண்ணையும் இங்கேயே சொல்லிடறேன். அது சாமி கும்பிடற ஊர் மட்டும் இல்லை, வியாபார ஊரும்கூட. எரிமலைக் கண்ணாடிக் கல்லில் கத்தி, அம்பு முனை செய்கிற பட்டறைகள் அந்த நகரம் முழுக்க இருந்தன. அந்த வட்டாரத்துப் பச்சை நிறக் கல், தூரத்தில் குவாத்தமாலா பக்கம் இருக்கிற மாயா நகரமான திக்கால் வரைக்கும் போயிருக்கு. மெக்சிகோவில் வாரச் சந்தைக்கு இன்னைக்கும் தியாங்கிஸ்னுதான் பேர். ஸ்பானியர்கள் வர்றதுக்கு முந்தின நவாத்ல் மொழிச் சொல் அது. ராஜ்ஜியம் போச்சு, சாமி மாறிடுச்சு, மொழி மாறிடுச்சு. சந்தை மட்டும் அப்படியே நின்னுடுச்சு.

பிரமிடுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவங்களுக்கு அது பெருமை மட்டும் இல்லை, தலைவலியும்தான். 1905-லிருந்து 1910 வரைக்கும் லெயோபோல்தோ பாத்ரெஸ் என்பவர் சூரியப் பிரமிடைத் தோண்டினார். 1910-ல் சுதந்திரப் போராட்ட நூற்றாண்டு விழா, அதுக்குள்ள வெளிநாட்டு விருந்தாளிகளுக்குக் காட்டியாகணும் என்று ஒரே அவசரம். 1962-லிருந்து 1964 வரை அரசு மறுபடி பெரிய அளவில் இறங்கிச் சீரமைத்தது. 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. 1988-ல் பிரமிடுகளைச் சுத்தி ஏ, பி, சி என்று மூணு வளையம் போட்டு, எந்த வளையத்தில் என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாதுன்னு சட்டம் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஊர்க்காரன் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். யாரோ வரைபடத்தோட வருவாங்க, கோடு போடுவாங்க, போயிடுவாங்க.

இந்த ஊருக்குத்தான் 2004-ல் வால்மார்ட் வந்தது.

நேரா வால்மார்ட் என்ற பேரில் வரலை, போதேகா அவ்ரேரா என்ற பேரில் வந்தது. போதேகான்னா கிடங்கு. அவ்ரேராங்கறது பாஸ்க் மொழிச் சொல், 'முன்னோக்கி'ன்னு அர்த்தம். முதல் அவ்ரேரா கடை 1958-லேயே மெக்சிகோ சிட்டியில் திறந்தாச்சு. 1991-ல் வால்மார்ட் அந்தக் கடைகளை நடத்தின சிஃப்ரா நிறுவனத்தோட கூட்டு சேர்ந்தது. 1997-ல் பெரும்பான்மைப் பங்கையே வாங்கிடுச்சு. ஊர்க்காரங்க கண்ணுக்கு அது கொஞ்சம் பழகின பேர்தான், முதலாளி மட்டும் புதுசு.

கடைக்குத் தேர்ந்தெடுத்த இடம் ஊரோட முக்கிய நுழைவாயிலில் இருந்த ஒரு குதிரைமசால் வயல். பிரமிடுகளிலிருந்து ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள. வேலை ஆரம்பிச்சதும் பத்திக்கிச்சு.

எதிர்த்தது யார்? முதல்ல ஊர் மார்க்கெட் வியாபாரிகள். அவங்களுக்கு இது சோத்துப் பிரச்சினை. அடுத்து ஆசிரியர்கள், பண்பாட்டு ஆர்வலர்கள். மறியல் பண்ணினாங்க, சிலர் உண்ணாவிரதம்கூட இருந்தாங்க. பிறகு தலைநகரத்துப் பெரிய தலைகள் சேர்ந்துக்கிட்டாங்க. கவிஞர் ஹோமேரோ அரித்ஹிஸ், ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோ போன்றவங்க அதிபர் விசெந்தே ஃபாக்ஸுக்குக் கோரிக்கை வெச்சாங்க. இந்தத் தொலேதோ சாதாரண ஆள் இல்லை. 2002-ல் ஒஹாக்கா நகரத்து மையச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் வரப் பார்த்தப்போ, அங்கேயே ஜனங்களுக்கு இலவசமா தமாலே (நம்ம ஊர் இலை அடை மாதிரி, சோள மாவில் செய்யறது) கொடுத்துப் போராடி, அனுமதி கிடைக்காம பண்ணினவர்.

ஆதரிச்சது யார்? பத்திரிகைகள் அவ்வளவாகப் படம் போடாத ஆட்கள். விலை குறையும், நாலு சாமான் சேர்ந்து கிடைக்கும் என்று நினைத்த குடும்பத்தலைவிகள். வேலை கிடைக்கும் என்று நம்பின பசங்க. சட்டுனு அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. தலைநகரத்துக்காரனுக்கு 1958-லிருந்து கிடைக்கிற சவுகரியம் எங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாதுன்னு ஒருத்தர் கேட்டா, என்ன பதில் சொல்றது? பிரமிடைப் பார்த்து ஃபோட்டோ எடுத்துட்டு சாயங்காலம் கார் ஏறிப் போறவனுக்கு அந்த ஊர் அப்படியே இருக்கணும். அங்கேயே இருக்கிறவளுக்கு எண்ணெயும் சோப்பும் வேணும்.

தொல்லியல் துறை (அங்கே ஐ.என்.ஏ.எச். என்று பேர்) என்ன சொன்னது? இடம் மூணாவது வளையத்தில்தான் இருக்கு, அனுமதியோட கட்டலாம்னு சொல்லிடுச்சு. தோண்டும்போது வாகனம் நிறுத்தற இடத்துக்கு அடியில் ஒரு சின்னப் பழங்காலப் பலிபீடம் கிடைத்தது. அதைப் பாதுகாத்துக்கிட்டு வேலையைத் தொடர்ந்தாங்க. கடை 2004 நவம்பரில் திறந்தது. திறந்த அன்னிக்கே ஜனம் உள்ளே போனது. போராட்டம் மெல்ல ஓய்ந்தது.

இதோட முடிஞ்சிருந்தா இது வழக்கமான 'பழமையா, வளர்ச்சியா' பட்டிமன்றக் கதை. நடுவர் எழுந்து ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருப்பார். ஆனா கதை 2012-ல் மறுபடி ஆரம்பிச்சது.

2012 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. வால்மார்ட்டின் மெக்சிகோ கிளை கடைகளை வேகவேகமாகத் திறக்கப் பெரிய அளவில் லஞ்சம் கொடுத்தது, 2005-லேயே ஒரு முன்னாள் ஊழியர் மூலம் இது தலைமைக்குத் தெரிய வந்தது, உள் விசாரணையை நிறுவனமே அமுக்கிவிட்டது என்பது செய்தி. எழுதினவர் டேவிட் பார்ஸ்டோ. டிசம்பரில் வந்த அடுத்த பாகத்தை அவரும் அலெஹாந்திரா ஹானிக் ஃபோன் பெர்ட்ராப் என்ற மெக்சிகோ பத்திரிகையாளரும் சேர்ந்து எழுதினாங்க. 2013-ல் ரெண்டு பேருக்கும் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்த டிசம்பர் பாகத்தின் மையமே நம்ம தியோத்திவாக்கான் கடைதான்.

அந்தச் செய்தி சொல்றது இதுதான். 2003 ஆகஸ்டில் ஊர் மன்றம் ஒரு புது நில உபயோக வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த வரைபடப்படி அந்த வயலில் வணிகக் கட்டடம் வரவே முடியாது. ஆனா மன்றம் ஒப்புக்கொண்டா மட்டும் போதாது, அரசிதழில் அச்சானால்தான் அது சட்டம். ஒப்புதலுக்கும் அச்சுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளியில், ஒரு அதிகாரிக்கு 52,000 டாலர் லஞ்சம் போனது. வரைபடத்தில் அந்த ஒரு வயல் மட்டும் மாற்றி வரையப்பட்டது. செப்டம்பரில் அச்சாகி வந்தப்போ அங்கே கடை கட்டலாம்!

சாஃப்ட்வேர்க்காரங்களுக்கு இது உடனே புரியும். ரிவ்யூவில் அப்ரூவல் வாங்கின வெர்ஷன் ஒண்ணு, ரிலீஸ் ஆனது இன்னொண்ணு. நடுவுல யாரோ கை வெச்சிருக்கான். பழைய வெர்ஷன் எப்படிச் சிக்கியது தெரியுமா? 2003 ஆகஸ்டில் இருந்த வரைபடம் ஒரு கணினித் தட்டில் அப்படியே தங்கிப் போயிருந்தது. நிருபர்கள் அதை எடுத்து அச்சான வரைபடத்தோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அவ்வளவுதான். ஒரு பேக்கப், பெரிய நிறுவனத்தைப் பிடிச்சுக் கொடுத்துடுச்சு.

இதைப் படிச்சதும் எனக்கு 2004 சண்டை மொத்தமும் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சது. வியாபாரி, குடும்பத்தலைவி, கவிஞர், தொல்லியல் அதிகாரி என்று அத்தனை பேரும் 'கடை வேணுமா வேண்டாமா'ன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. ஆனா ஊர் அந்தக் கேள்விக்கு ஒரு வருஷம் முன்னாடியே, தன் மன்றம் மூலமா பதில் சொல்லி முடிச்சிருந்தது. அந்தப் பதில்தான் நடு வழியில் திருடு போயிருக்கு. திருட்டு போனதே தெரியாம, வேணும்னவனும் வேண்டாம்னவனும் எதிர் எதிரா நின்னு ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டாங்க. ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சும்மாவா சொன்னாங்க.

இதில் கடையை ஆதரிச்சவங்களும் ஏமாந்தவங்கதான் என்பது என் கட்சி. அவங்க கேட்டது குறைஞ்ச விலை. அதை அதே ஊரில் வேற இடத்தில் முறைப்படி வாங்கியிருக்கலாம், இல்லைன்னா மன்றத்தில் வாதாடி அந்த வரைபடத்தையே மாத்தியிருக்கலாம். அந்த வாய்ப்பும் ஒரு கவருக்குள்ள போயிடுச்சு.

நமக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே 2012 டிசம்பரில் நம்ம நாட்டில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பத்தி நாடாளுமன்றத்தில் அனல் பறந்தது. டிசம்பர் 5 அன்னிக்கு மக்களவையில் எதிர்த் தீர்மானம் 218-க்கு 253 என்று தோற்றது. நியூயார்க் டைம்ஸின் ரெண்டாம் பாகம் வந்தது டிசம்பர் 17-ல். நம்ம விவாதமும் 'அண்ணாச்சி கடை பிழைக்குமா, விலைவாசி குறையுமா' என்பதைச் சுத்தித்தான் ஓடியது. 2019 ஜூனில், மெக்சிகோ, இந்தியா, பிரேசில், சீனா ஆகிய நாலு நாட்டுக் கிளைகளில் லஞ்சத் தடுப்புக் கட்டுப்பாடுகள் சரியில்லை என்ற புகாரை முடிக்க, அமெரிக்க அரசுக்கு வால்மார்ட் 28.2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அது வாஷிங்டன் கஜானாவுக்குப் போன காசு. குதிரைமசால் வயலுக்குத் திரும்பி வந்தது ஒண்ணும் இல்லை.

ஊரிலிருந்து கிளம்புறதுக்கு முந்தின நாள் சித்தப்பா கடைக்குப் போயிருந்தேன். தியோத்திவாக்கான் கதையைச் சொன்னேன். கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கிட்டே கேட்டார். முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி: "நம்ம ஊர் மேப்பு எங்கடா இருக்கும்?"

எனக்குத் தெரியலை. பொறியியல் படிச்சவன், இத்தனை வருஷம் அந்த ஊரில் வளர்ந்தவன், ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. வெட்கமாத்தான் இருந்தது. சூப்பர் மார்க்கெட் வரட்டும், வராம போகட்டும். முறையா வந்தா அம்மா போய் வாங்கட்டும், சித்தப்பாவும் ஏதாவது வழி பார்ப்பார். ஆனா அடுத்த தடவை போறப்ப நானும் அவரும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் அந்த வரைபடத்தைக் கேட்கறதா முடிவு பண்ணியிருக்கோம். முடிஞ்சா ஒரு காப்பி எடுத்துப் பத்திரமா வெச்சுக்கணும். பேக்கப் முக்கியம் இல்லையா :-)

உங்க ஊர் வரைபடத்தை நீங்க பார்த்ததுண்டா? பார்த்தவங்க அனுபவத்தைப் பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்கா.