வேர்த்துக் கொட்டணுமா, நிதானமா செய்யணுமா? உங்க சுபாவத்துக்கு எந்த யோகா செட் ஆகும்?

ஜனவரி 1-ஆம் தேதி யோகா மேட் வாங்கி, பொங்கலுக்குள்ள அதைச் சுருட்டி பீரோ மேல வச்சவரா நீங்க? சோம்பேறித்தனம்னு உங்களை நீங்களே திட்டிக்க வேண்டாம். சேர்ந்த வகுப்பு உங்க சுபாவத்துக்குப் பொருந்தாம போயிருக்கலாம். சுகர், முதுகுவலி, தூக்கமின்மைனு டாக்டர் சொல்லி யோகாவுக்குப் போறவங்க, பத்தே நாளில் 'நமக்கு யோகா சரிப்படாது' என்று முடிவு கட்டுவதுதான் இதில் உண்மையான இழப்பு.

யோகா என்பது ஒரே ஒரு முறை இல்லை. அதைப் புரிந்துகொள்ள ஒரு குடும்பக் கதை தெரிந்தால் போதும்.

ஒரே குரு, மூன்று சிஷ்யர்கள்

1930-களில் மைசூர் அரண்மனை ஆதரவில் யோகா கற்றுக்கொடுத்தவர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. இன்று உலகம் முழுக்க நடக்கும் பல யோகா வகுப்புகளின் வேர் அவரிடம்தான் இருக்கிறது.

அவரிடம் சிறுவயதிலேயே சேர்ந்தவர் பட்டாபி ஜோயிஸ். இவர் பரப்பியது அஷ்டாங்க வின்யாச யோகா. மூச்சோடு சேர்த்து ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததற்கு நிற்காமல் போக வேண்டும். தினமும் அதே வரிசை, மாற்றமே கிடையாது. மரபுப்படி வாரத்துக்கு 6 நாள் பயிற்சி. அமாவாசை, பௌர்ணமிக்கு லீவு உண்டு! ஒழுங்கு பிடிக்கும், உடம்பு களைச்சாதான் மனசு அடங்கும் என்பவர்களுக்கு இது பிடித்துப்போகும். 'தினமும் ஒரே சாம்பாரா?' என்று கேட்கிற ஆளுக்கு ரொம்பக் கஷ்டம்.

அடுத்தவர் பி.கே.எஸ். ஐயங்கார். கிருஷ்ணமாச்சார்யாவின் மச்சினர். 1918-ல் பிறந்த இவர், சின்ன வயதில் காசநோய், மலேரியா, டைபாய்டு என்று படாதபாடு பட்டவர். நோயாளி உடம்போடு யோகாவுக்குள் வந்ததாலோ என்னவோ, அவருடைய முறையில் அவசரமே இல்லை. ஒரு ஆசனத்தில் நீண்ட நேரம் நின்று, கால் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, முட்டி நேரா இருக்கா என்று பார்ப்பார்கள். குனிய முடியலையா? மரக்கட்டை, பெல்ட், நாற்காலி, கயிறு எல்லாம் கொடுப்பார்கள். எதையும் காரணம் கேட்டுச் செய்கிறவர்கள், வயதானவர்கள், உடம்பு வளையாதவர்களுக்கு நல்ல தொடக்கம் இதுதான்.

மூன்றாமவர் கிருஷ்ணமாச்சார்யாவின் மகன் டி.கே.வி. தேசிகாச்சார். இன்ஜினியரிங் படித்தவர். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆளுக்கேற்ற யோகாதான் இவர் வழி. வயசு, வேலை, உடல்நிலை பார்த்து ஒருவருக்கென்றே பயிற்சியை அமைப்பார்கள். கூட்டத்தில் செய்யக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது நிம்மதி.

ஒரே குருவிடம் கற்ற மூன்று பேர் மூன்று விதமாகக் கற்றுக்கொடுத்தார்கள் என்றால், கற்றுக்கொள்கிற நாமும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லையே!

மற்ற வகைகள்?

நெல்லை மாவட்டம் பத்தமடையில் பிறந்தவர் சுவாமி சிவானந்தர். (ஆமாம், பாய்க்குப் பேர் போன அதே ஊர்தான்!) அவருடைய சிஷ்யர் விஷ்ணுதேவானந்தா பரப்பிய முறையில் 12 அடிப்படை ஆசனங்கள், பிராணாயாமம், நடுநடுவே ஓய்வு இருக்கும். தியானம், பக்தி பக்கம் மனசு சாய்கிறவர்களுக்குப் பொருந்தும்.

யின் யோகாவில் ஒரே நிலையில் 3 முதல் 5 நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். சுமார் 40 டிகிரி சூட்டில், 90 நிமிடத்தில் 26 பயிற்சிகள் செய்வது பிக்ரம் எனும் ஹாட் யோகா. சித்திரை மாசத்தில் நம்ம மொட்டை மாடியே ஹாட் யோகா ஹால்தான், இதுக்குத் தனியா காசு கட்டணுமா என்பது உங்கள் விருப்பம். இதய நோய், பிபி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பிடிச்சதா, தேவையானதா?

இங்கேதான் ஒரு சிக்கல். எந்நேரமும் பரபரப்பாக இருப்பவர் வேகமான வகுப்பைத்தான் தேடிப் போவார். அவருக்குத் தேவையோ நிதானம். அதற்காக முதல் நாளே அவரை யின் யோகாவில் உட்கார வைத்தால், அஞ்சு நிமிஷத்தில் கை போனைத் தேடும். அதனால் முதல் ரெண்டு மாசம் பிடித்ததைச் செய்யுங்கள். பழக்கம் ஒட்டிக்கொண்ட பிறகு, வாரத்தில் ஒரு நாள் அதற்கு நேர் எதிரான வகையை முயற்சி செய்யலாம்.

சேரும் முன் போர்டில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 'ஹத யோகா' என்ற ஒரே பெயரில் ஒரு இடத்தில் மென்மையாகவும் இன்னொரு இடத்தில் கடுமையாகவும் நடக்கும். ஒரு நாள் வகுப்பைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். உங்களுக்கு இருக்கும் உடல் பிரச்சினைகளை மாஸ்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குறிப்பாக பிபி, கண் நீர் அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் சிரசாசனம் வேண்டாம். அதைச் சொன்ன பிறகும் 'அதெல்லாம் பழகிடும், செய்யுங்க' என்று ஒருவர் கட்டாயப்படுத்தினால், உடனே வேறு வகுப்பு பாருங்கள்.