பனிக்காலத்தில் ஒரு வெயில் நாள்



போர்களையும் அரசுகளையும் பற்றிய ஏடுகளே வரலாற்றுக்குச் சான்றாகும் என்று நாம் எண்ணுகிறோம். ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு மகிழ்ந்தவர்கள் எழுதிய நூலும் சான்றாகலாம். அத்தகைய நூல் ஒன்றில் குளிர்காலத்து மீன்பிடிப்பைப் பற்றி வரும் சிறு குறிப்பைக் குறித்து இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் 1642-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை துணிக்கப்பட்டது. லண்டனில் துணி வணிகம் செய்த ஐசக் வால்டன் மன்னரின் கட்சியைச் சேர்ந்தவர். தம் கட்சி தோற்றுக் கிடந்த காலத்தில், 1653-இல், அவர் வெளியிட்ட நூல் ‘கம்ப்ளீட் ஆங்லர்’. தூண்டில் கலையில் முழுத் தேர்ச்சி பெற்றவன் என்பது அதன் பொருள். பகைமை மலிந்திருந்த நாட்டில், அமைதியையும் பொறுமையையும் அவர் நீர்க்கரையில் தேடினார்.

1676-இல் அந்நூலின் ஐந்தாம் பதிப்புக்கு இரண்டாம் பகுதி ஒன்றை எழுதிச் சேர்த்தவர், அவரைவிட 37 ஆண்டு இளையவரான சார்லஸ் காட்டன். டார்பிஷயரையும் ஸ்டாஃபர்ட்ஷயரையும் பிரிக்கும் டவ் ஆற்றின் கரையிலே காட்டனின் இல்லம் இருந்தது. தூண்டிற்காரர் தங்குவதற்காக 1674-இல் அங்கே ஒரு சிறு கல்வீடு கட்டி, வாயிலின்மேல் தம் பெயரின் முதலெழுத்துகளையும் நண்பர் பெயரின் முதலெழுத்துகளையும் பின்னிப் பொறித்தார். அவ்வீடு இன்றும் நிற்கிறது.

எந்த மாதத்தில் எந்தப் பூச்சியைப் போலச் செய்த இரையைத் தூண்டிலில் கட்ட வேண்டும் என்று காட்டன் வரிசையாகக் கூறுகிறார். விலங்கின் மயிரையும் பறவையின் இறகையும் முள்ளில் சுற்றிச் செய்யும் பொய்ப் பூச்சி அது. டிசம்பரில் இவ்வாறு மீன்பிடிப்போர் சிலரே என்கிறார். ஆயினும் இதமான நாள் வாய்த்து, நீர் தெளிந்து, உருகிய பனி கலவாமல் இருந்தால், பழுப்பு நிறப் பூச்சிக்கு மீன் எழும் என்கிறார். அவ்வளவும் சொல்லிவிட்டு, பட்ட பாட்டுக்கு அது போதிய பலன் அன்று என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மை என் உள்ளத்தைக் கவர்ந்தது.

அவர் கண்டது உண்மையே. மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. நீர் குளிர்ந்தால் மீனின் செரிமானம் மந்தமாகும். அது ஆழத்தில் அசையாது கிடக்கும். இதமான நாளின் நண்பகலில் சிறு பூச்சிகள் நீரிலிருந்து வெளிப்படும்போது அது மேலே வரும். உருகிய பனி கலந்தால் நீர் மீண்டும் குளிர்ந்துவிடும்.

டிரௌட் என்னும் மீன் இலையுதிர் காலத்தின் முடிவிலும் குளிர்காலத்தின் தொடக்கத்திலும் ஆற்றுக் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடும். அப்போது அதைப் பிடிக்கலாகாது. கிரேலிங் என்னும் மீனோ இளவேனிலில் முட்டையிடுவது. ஆகவே குளிர்காலத்தில் அது கொழுத்திருக்கும். காட்டன் அதைக் குளிர்கால மீன் என்றே அழைத்தார். இனப்பெருக்கக் காலத்தில் மீன்பிடிப்போரை வால்டனும் கண்டித்தார். முதலாம் எட்வர்டு மன்னர் காலத்துச் சட்டத்தை நினைவூட்டினார்.

இனி, இதமான நாளின் அருமையைக் காண்போம். மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைக் கணக்கு 1659 முதல் மாதந்தோறும் தொகுக்கப்பட்டுள்ளது. அக்கணக்கிலேயே மிகக் கடுமையான குளிர்காலம் 1683–84. அதன் சராசரி உறைநிலைக்குக் கீழே 1.2 டிகிரி. தேம்ஸ் ஆறு உறைந்து, பனிக்கட்டியின்மேல் கடைகள் எழுந்தன. அந்தக் குளிர்காலத்திலே, 1683 டிசம்பர் 15-ஆம் நாள், தொண்ணூறு வயது வால்டன் வின்செஸ்டரில் மறைந்தார். அத்தகைய காலத்தில் வாழ்ந்த காட்டனுக்கு டிசம்பர் மாதத்து இளஞ்சூடு எதிர்பாராத கொடையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அதே கணக்கில் மிக வெப்பமான டிசம்பர் 2015-இல் வந்தது; சராசரி 9.7 டிகிரி. அடுத்த ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் ஆறுகள் பலவற்றில் சால்மன் குஞ்சுகள் வெகுவாகக் குறைந்தன. சால்மனும் குளிர்காலத்தில் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடும் மீன்தான். அம்முட்டைகளுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். மிகுந்த வெப்பமும் வெள்ளமும் காரணமாகலாம் என ஆராய்ச்சியாளர் கருதினர். கரையில் நிற்பவனுக்கு இன்பமான நாள், நீருக்குள் இருக்கும் முட்டைக்குக் கேடாகவும் அமையலாம்.

காட்டன் கடனில் மூழ்கி 1681-இல் தம் நிலத்தை விற்றார், 1687-இல் இறந்தார். நிலம் போயிற்று, அவர் கண்டெழுதிய குறிப்பு நிலைத்தது. மாறுதலை அளந்தறிய, முன்பு இருந்ததை யாரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லவா? மாணவர்களே, உங்கள் ஊர் நீர்நிலையில் எந்த மாதத்தில் எந்த மீன் வருகிறது, நீர் எவ்வளவு நிற்கிறது என்பதை நீங்களும் நாளிட்டு எழுதி வாருங்கள். பின்வருவோர்க்கு அக்குறிப்பு உதவும்.