கதவைத் திறக்கலாம், சாவியைக் கொடுக்கலாமா?

முன்பின் தெரியாத ஒருவர் வீடு தேடி வந்தால், திண்ணையில் உட்காரவைத்துப் பேசி அனுப்புவது வழக்கம். அடுக்களைவரை யாரும் அழைத்துச் செல்வதில்லை. இணைய உலாவியும் இதே வழக்கத்தைத்தான் கைக்கொள்கிறது. ஓர் அகப்பக்கத்தைத் திறக்கும்போது, யாரோ எழுதிய நிரலும் அதனுடன் வந்து நமது கணினியில் இயங்குகிறது. அந்த நிரல் வன்தட்டிலுள்ள கோப்புகளைத் தொடவோ, நினைத்த இடத்திற்கெல்லாம் நேரடி இணைப்பு ஏற்படுத்தவோ உலாவி விடுவதில்லை. விட்டால் இணையத்திலேயே பெரிய வேலைகளை முடிக்கலாம்; வீட்டுக் கணினியும் அலுவலகக் கட்டமைப்பும் அந்நியர் கைக்குப் போகவும் கூடும். எவ்வளவு இடம் கொடுப்பது என்பதே 30 ஆண்டுகால வாதம்.

தொடக்கத்தில் கொடுத்த இடம் மிகச் சிறியது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டூலி உருவாக்கிய 'குக்கி', சுமார் 4 கிலோபைட் அளவுள்ள குறிப்புச் சீட்டு மட்டுமே. 1995-இல் வந்த ஜாவா சிறுநிரல்கள், தாங்கள் புறப்பட்டு வந்த கணினியுடன் மட்டுமே பேசலாம். வன்தட்டு அவற்றுக்குத் தடை.

1996-இல் மைக்ரோசாப்ட் வேறு வழியில் சென்றது. அதன் ஆக்டிவ்எக்ஸ் நிரல்களுக்கு வேலி கிடையாது. தயாரித்தவரின் மின்கையொப்பத்தைக் காட்டி, 'ஏற்கிறீர்களா?' என்று உலாவி கேட்கும். 'ஆம்' என்று சொல்லிவிட்டால், கணினி முழுவதும் அந்த நிரலின் கையில். கையொப்பம் நிரல் யாருடையது என்று சொல்லுமே தவிர, அது என்ன செய்யும் என்று சொல்லாது.

இதன் ஆபத்தை 1997-இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் தொலைக்காட்சியில் செய்து காட்டியது. ஓர் அகப்பக்கத்தின் வழி வந்த ஆக்டிவ்எக்ஸ் நிரல், 'குவிக்கன்' கணக்கு மென்பொருளில் ஒரு பணமாற்றுக் கட்டளையைச் சேர்த்தது. உரிமையாளர் அடுத்த முறை தம் ரகசிய எண்ணைக் கொடுத்துப் பணம் செலுத்தும்போது, அதுவும் சேர்ந்து போய்விடும்.

தென்கொரியாவின் அனுபவம் இன்னும் நீண்டது. வலுவான மறைகுறியாக்கத்தை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா கட்டுப்பாடு விதித்திருந்த காலத்தில், அந்நாடு 1998-இல் 'சீட்' என்ற சொந்த முறையை உருவாக்கியது. உலாவிகளில் அது இல்லாததால், வங்கிகள் ஆக்டிவ்எக்ஸ் மூலம் அதை இணைத்தன. பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு, எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று அழுத்தும் பழக்கத்தை மக்களிடம் வளர்த்தது. ஒரே உலாவியை நம்பியிருக்கும் நிலையும் பல ஆண்டுகள் நீடித்தது.

பிறகு வந்தவர்கள் அளந்து கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். தொடர் இணைப்புக்கான வெப்சாக்கெட், மறுமுனைக் கணினி சம்மதித்தால்தான் வேலை செய்யும். 2010-இல் அதில் ஓர் ஓட்டையை ஆய்வாளர்கள் கண்டறிந்ததும், ஃபயர்பாக்ஸும் ஓப்பராவும் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தன. உலாவி அனுப்பும் தகவலை ஒவ்வொரு முறையும் புதிய எண்ணால் உருமாற்றும் ஏற்பாட்டுடன், 2011 டிசம்பரில் அது தர நெறியாக வெளிவந்தது.

கோப்புகளின் கதையும் இதுவே. 2020-இல் குரோம் உலாவி, பயனர் தாமே தேர்ந்தெடுக்கும் கோப்பையோ கோப்புறையையோ அகப்பக்கம் திருத்த இடமளித்தது. மொசில்லா அதையும் ஆபத்து என்று ஆட்சேபித்தது. வீட்டு ரவுட்டர், அச்சுப்பொறி வரை எட்டக்கூடிய நேரடி இணைப்பு வசதியோ, கையொப்பமிட்ட பொதியாக நிறுவப்படும் தனிவகைச் செயலிகளுக்காக ஒதுக்கப்பட்டது.

வசதி வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் 'ஆம்' என்று அழுத்துபவருக்குத் தாம் எதைக் கொடுக்கிறோம் என்பது விளங்க வேண்டும். ஒரு கோப்பைக் கொடுக்கிறோம் என்பது எவருக்கும் விளங்கும். கணினி முழுவதையும் கொடுக்கிறோம் என்பது ஒரு பொத்தானைப் பார்த்தால் விளங்காது. விளங்காமல் கொடுத்த சம்மதம் காவலாகாது.