வத்தலும் காயும் - ஒரு டேட்டாபேஸ் வரலாறு

"அப்படி என்னதான் ஆபீஸ்ல ஆணி புடுங்கறீங்க?"ன்னு பூனே வந்த நாள்லேர்ந்து தங்கமணி கேக்கறாங்க. உங்க வீட்லயும் இதே கேள்வி ஓடுமே, இந்தப் பதிவ அப்படியே காட்டிடுங்க.

1970ல ஐபிஎம்ல இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். தகவலை வரிசையும் பத்தியுமா அட்டவணையில வை, என்ன வேணும்னு மட்டும் கேளு, எடுத்துத் தர்றது பொட்டியோட பாடு. கிட்டத்தட்ட மளிகைக்கடைப் பேரேடு. அதுக்கு முன்னாடியே, 1967ல, நார்வேயில சிமுலான்னு ஒரு மொழி. தகவலையும் அதை வெச்சு செய்யற வேலையையும் ஒரே பொட்டலமா கட்டி 'ஆப்ஜெக்ட்'னு வெச்சாங்க. ரெண்டும் வேற வேற வீட்டுப் பிள்ளைங்க. கல்யாணம் பண்ணி வெச்சது நாமதான்.

1994ல வந்த பெர்ல் டிபிஐ காலத்துல கேட்டா வரிசை வரும், வாங்கிட்டுப் போய்கிட்டே இருக்கலாம். 2001ல ஹைபர்னேட், 2004ல ரெயில்ஸ். ஒவ்வொரு வரிசையும் ஆப்ஜெக்டா வந்து நின்னுச்சு. சுகமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா 2006லயே டெட் நியூவார்ட் இதை வியட்நாம் போரோட ஒப்பிட்டு எழுதிட்டார். உள்ள போறது சுலபம், வெளிய வர்றதுதான் கஷ்டமாம்.

வரிசையை ஆப்ஜெக்டா மாத்தறதுக்கு 'ஹைட்ரேஷன்'னு பேரு. தண்ணி ஊத்தறது! சுண்டைக்காய் வத்தலை ஊறவெச்சு மறுபடி காயாக்கற மாதிரி. வத்தக்குழம்புக்கு வத்தலே போதும்னு ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரிதான் எனக்குப் புரிஞ்சது.

40,000 பேருக்கு போனஸ் பட்டியல் பேங்குக்குப் போகணும். எனக்கு மறுநாள் காலைல ஊருக்கு ரயில். பட்டியலுக்கு வேண்டியது பேர், கணக்கு எண், தொகை, அவ்வளவுதான். ஆனா ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் துறை, விலாசம், நாமினின்னு குடும்பத்தையே கூட்டிட்டு வந்துச்சு. நடுவுல ஏதாவது மாறுச்சான்னு பாக்க, ஒவ்வொண்ணோட பழைய நகலையும் சேத்து வெச்சிருந்துச்சு. மெமரி தீந்து சர்வர் மூணு தடவை படுத்துருச்சு.

ராத்திரி ஒரு மணிக்கு ஆப்ஜெக்டைத் தூக்கிப் போட்டுட்டு வெறும் அர்ரேயா வாங்கினேன். சில நிமிஷத்துல முடிஞ்சது. இது ஒண்ணும் குறுக்கு வழி இல்ல. ஜாங்கோல வேல்யூஸ், டாக்ட்ரின்ல அர்ரே ஹைட்ரேஷன், 2012ல ரெயில்ஸ் 3.2ல ப்ளக்னு அவங்களே வெச்ச கொல்லைப்புறக் கதவுதான்.

ரயில் சோலாப்பூர் தாண்டல, போன். பேங்க் ஃபைலைத் திருப்பிட்டாங்க. தொகையெல்லாம் பைசாவோட போயிருக்கு! ரூபாயா முழுசாக்கற கணக்கு அந்த ஆப்ஜெக்டுக்குள்ள இருந்திருக்கு. அதைத்தான் நான் ராத்திரி தூக்கிப் போட்டிருந்தேன்.

மேல் பெர்த்துல லேப்டாப்பைத் திறந்து, டேட்டா கார்டுக்கு சிக்னல் வர்ற ஸ்டேஷனாப் பாத்து, கொரியில சேத்தது ஒரே ஒரு ரவுண்ட். சாயங்காலத்துக்குள்ள போனஸ் ஏறிடுச்சு. புளிசாதம் மட்டும் ஆறிப்போச்சு.