சுட்ட செங்கல்லும் கணினி நிரலும்

தீபாவளி நெருங்கினால் தோட்டத்திலிருந்து பேருந்து ஏறி நாம் செல்லும் இடங்களில் ஒன்று பிரிக்பீல்ட்ஸ். செங்கல் களம் என்பது அப்பெயரின் பொருள். 1881ஆம் ஆண்டு தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரைத் தாக்கின. பலகையும் அத்தாப்புமாக இருந்த கடைவீடுகள் அழிந்தன. இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்டு பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கான சூளைகள் இவ்வட்டாரத்தில் எழுந்தன.

வீடு கட்டும் கொத்தனார் தாமே மண் குழைத்துக் கல் சுட வேண்டியதில்லை. கல்லின் அளவு தெரிந்தால் போதும். பிறர் சுட்ட கல்லை வாங்கிச் சுவர் எழுப்பலாம். கணினியின் வரலாற்றிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு.

கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் வரிசையே நிரல். 1949இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி இயங்கத் தொடங்கியது. வர்க்கமூலம் காண்பது போன்ற கணக்குகளுக்கு ஒவ்வொருவரும் புதிதாக நிரல் எழுதுவது வீண் உழைப்பு என்பதை அங்கிருந்தோர் விரைவில் உணர்ந்தனர். சரிபார்த்த சிறு நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதிந்து சேர்த்து வைத்தனர், வேண்டியவர் படியெடுத்துக்கொண்டனர். இதுவே நிரல் நூலகம். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951இல் இதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டனர்.

பின்னர் மனிதருக்கு எளிதாக விளங்கும் நிரல் மொழிகள் வந்தன. 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் போர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அம்மொழியில் அறிஞர் பலர் கணித நூலகங்களை எழுதினர். 1992இல் வந்த லாபேக் அவற்றுள் ஒன்று. 1991இல் பைத்தான் என்னும் மொழி வந்தது. எழுத எளிது, ஆனால் பெருங்கணக்குகளில் மெதுவானது. அதற்காகப் பழைய நூலகங்களை யாரும் தூக்கி எறியவில்லை. 2006இல் வந்த நம்பை என்னும் தொகுப்பு, பைத்தானிலிருந்தே லாபேக்கை அழைக்க வழி செய்தது. மாணவன் பைத்தானில் ஒரு வரி எழுதுகிறான். அவன் பிறக்கும் முன்னரே எழுதப்பட்ட நிரல் அடியில் இருந்து கணக்கை முடித்துத் தருகிறது.

வேறு வேறு மொழிகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன? தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் சந்தையில் எப்படிப் பேசிக்கொள்கிறோம்? பசார் மலாயில். அதுபோல் நிரல்களுக்கும் ஒரு பொது வழக்கு அமைந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1972 அளவில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியின் வழக்கே அது. எண்ணை எந்த அளவில் அனுப்புவது, எந்த இடத்தில் வைப்பது, வேலை முடிந்தபின் அந்த இடத்தை யார் காலி செய்வது என்பவற்றை இரு தரப்பும் இவ்வழக்கின்படி ஒப்புக்கொள்கின்றன.

இதன் பயன் நம் தமிழுக்கும் உண்டு. ‘கொ’ என்று தட்டினால் கணினி அதை ‘க’ என்றும் உயிர்க்குறி என்றும் இரண்டு எண்களாகவே வைத்துக்கொள்கிறது. கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைத்து எழுத்தைக் கோப்பது வேறொரு நூலகத்தின் வேலை. ஹார்ஃப்பஸ் அத்தகைய நூலகம். மலாயில் எழுத்தைக் குறிக்கும் ‘ஹுரூப்’ என்ற சொல்லும் இப்பெயரின் முற்பகுதியும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. 1985இல் முரசு அஞ்சலைத் தந்த நம் நாட்டுத் தமிழர் முத்து நெடுமாறன், எழுத்துருக்களைச் சோதிக்க ஹிபிஸ்கஸ் என்னும் செயலியை உருவாக்கினார். அது ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் எழுதப்பட்டது. எழுத்தைக் கோக்க ஹார்ஃப்பஸை அழைக்கிறது. புதிய மொழியில் எழுதினாலும், செய்து முடித்த வேலையை அவர் மறுபடி செய்யவில்லை.

ஆனால் பிறர் செய்ததை எடுத்தாளும்போது எச்சரிக்கை வேண்டும். 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகும் முன்பே சிதறியது. ஏரியான் 4க்காக எழுதிய நிரலின் ஒரு பகுதியை அதில் மீண்டும் பயன்படுத்தியிருந்தனர். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் வைக்க முற்பட்டபோது, படியில் மரக்கால் நெல்லைக் கொட்டியது போல் ஆயிற்று. பழைய நிரல் பழைய ராக்கெட்டில் ஒழுங்காகவே ஓடியது. புதிய இடத்துக்கு அது பொருந்துமா என்று யாரும் சரிவரச் சோதிக்கவில்லை.

இடையில் நேரும் பிழை எப்படிப்பட்டது என்பதைத் தோட்டத்து மக்களாகிய நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதிய பதிவேட்டில் பெயர்கள் உருமாறியதையும், ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் இரண்டு விதமாக அமைந்து, அடையாள அட்டைக்கு அலைந்ததையும் நாம் அறிவோம். சொன்னவர் சரியாகச் சொன்னார். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டிச் சரிபார்க்கும் வழக்கம் மட்டும் இல்லாமல் போயிற்று.

கணினி கற்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இரண்டைச் சொல்லி அனுப்புவோம். முன்னோர் செய்து வைத்ததைக் கூச்சமின்றி எடுத்துப் பயன்படுத்துங்கள். அதற்கு முன், அங்கே கேட்கும் அளவும் நீங்கள் கொடுக்கும் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள்.