எம்.பி.4 என்றொரு பெட்டி

சென்ற மாதம் எழுத்து மேசையின் லாச்சியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமான கறுப்புப் பெட்டியொன்று கையில் அகப்பட்டது. உள்ளிருந்த பற்றரி ஊதிப்போய் முதுகுத் தகடு பிளந்திருந்தது. முகப்பில் 1.8 அங்குலத் திரை. கீழே சில பொத்தான்கள். பக்கவாட்டில் ஊசி நுழையுமளவுக்கு ஒரு துளை. 2006 ஆம் ஆண்டு, கட்டாரில் தொழில் புரிந்துகொண்டிருந்த என் தமக்கையின் மகன் விடுமுறையில் ஆரையம்பதிக்கு வந்தபோது எனக்குத் தந்த அன்பளிப்பு அது. உற்பத்தியாளர் எவரென்று அதில் எழுதப்படவில்லை. 'சீனத் தயாரிப்பு' என்பதும் '1 ஜீபி' என்பதுமே முதுகில் இருந்தன. இவற்றுள் முதலாவது மெய். இரண்டாவது பொய் என்று தெரியவந்த கதையைப் பின்னர் சொல்கிறேன்.

ஊரில் எல்லோரும் அதனை 'எம்.பி.4' என்றே அழைத்தார்கள். வோக்மனுக்கும் ஐபொட்டுக்கும் வரலாறு எழுதியோர் பலர். ஆயினும் எமது பகுதியில் இளைஞர்களின் சட்டைப் பைகளில் மிகுதியாகப் புழங்கியது இந்தப் பெயரில்லாப் பெட்டிதான். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவன் என்ற முறையில் அந்த வரலாற்றின் தொடக்கம் எனக்குச் சற்று உறுத்தலானது.

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி வோக்மன், வெறுமையிலிருந்து பிறந்த கருவியன்று. அதற்கு முன்னரே 'பிரஸ்மன்' என்ற பெயரில், செய்தியாளர்கள் செவ்வி காண்பதற்கென ஒரு சிறிய கசெற் பதிவுக் கருவியைச் சோனி விற்றுக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒலிப்பதிவு வசதியைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோ ஒலியைச் சேர்த்து, இலகுவான காதொலிப்பானைக் கோர்த்தபோது வோக்மன் உருவாயிற்று. பதிவு செய்யாத கருவியை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே ஐயம் இருந்ததாகச் சொல்வார்கள். உலகம் வாங்கியது. செய்தியாளனின் கருவியிலிருந்து அவனுக்கு வேண்டிய ஒன்றை நீக்கியதால் ஊரெங்கும் விலைபோன கருவி அது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

எங்கள் பக்கத்தில் வோக்மனின் சிக்கல் வேறு. அது பற்றரியைத் தின்றது. மட்டக்களப்பு வாவியை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வாவிக்குக் கிழக்கே கடலோரமாய் இருப்பது எழுவான்கரை; ஆரையம்பதி அங்கேதான். மேற்கே வயலும் காடுமாய் விரிவது படுவான்கரை. எங்கள் பக்கத்திலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போவதென்றால் மண்முனைத் துறையில் ஓடமேற வேண்டும். 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பாலம் திறக்கப்படும்வரை இதுவே நிலைமை. போர்க்காலத்தில் அக்கரை பெரும்பாலும் புலிகளின் வசமும் இக்கரை படையினரின் வசமும் இருந்தன. இக்கரையிலிருந்து ஓடத்தில் ஏறும் பொருட்கள் சோதிக்கப்பட்டன. சந்தேகத்துக்குரியவற்றுள் பற்றரியும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் 1990களில் மிதிவண்டியைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்ட கதை பலருக்குத் தெரியும். பாட்டு நடுவில் இழுபட்டால், சுழற்றியவரின் கை ஓய்ந்துவிட்டது என்று பொருள். உலகுக்கு வோக்மன் விளம்பரப்பொருளாக இருந்த அதே காலத்தில் எங்களுக்கு இரண்டு பென்டோர்ச் பற்றரி ஒரு செல்வமாக இருந்தது.

கசெற்றின் இடத்தை எம்.பி.3 பிடித்த கதையை விரைந்து சொல்லிவிடலாம். ஜேர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள், மனிதச் செவி எதைக் கவனிக்காது என்பதைக் கணித்து, அதனை நீக்கி ஒலியைச் சுருக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள். '.எம்.பி.3' என்ற கோப்புப் பெயர் 1995 ஜூலையில் தீர்மானிக்கப்பட்டது. 1998 இல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் 'எம்.பி.மேன்' என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் டயமண்ட் நிறுவனத்தின் 'ரியோ' வந்தது. அதன் நினைவகம் 32 எம்பி. ஒரு மணிநேரப் பாட்டுக்கூடச் சிரமம்.

ரியோவின் மீது அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் தொடுத்த வழக்கைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ரியோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காரணம் சுவையானது: சட்டம் கட்டுப்படுத்துவது எண்முறை 'ஒலிப்பதிவுக் கருவி'யை, கணினியிலிருந்து கோப்பை வாங்கிக்கொள்ளும் ரியோவோ அச்சட்டம் சொல்லும் பதிவுக் கருவியே அல்ல என்றார்கள். வோக்மன் பதிவு வசதியைத் துறந்து விலைபோயிற்று. ரியோ 'நான் பதிவுக் கருவி அல்லேன்' என்று வாதாடிப் பிழைத்தது. 2001 ஒக்டோபரில் 5 ஜீபி கொள்ளளவுடனும் 399 டொலர் விலையுடனும் வந்த ஐபொட்டிலும் ஒலிவாங்கி இல்லை. வானொலியையும் ஒலிவாங்கியையும் தன் உடலுக்குள்ளேயே கொண்ட ஐபொட், 2009 ஆம் ஆண்டின் நனோதான்.

கட்டாரிலிருந்து வந்த என் பெயரில்லாப் பெட்டியில் இவை இரண்டும் 2006 இலேயே இருந்தன. அது எப்படி?

விடை, சீனாவின் ஜுஹாய் நகரத்தில் இருந்த 'அக்ஷன்ஸ் செமிகண்டக்டர்' என்ற நிறுவனத்தில் இருக்கிறது. வானொலி, பதிவு, திரை, யூ.எஸ்.பி. என எல்லாவற்றுக்கும் இடமளிக்கும் ஒரே சில்லை அது மலிவாகத் தயாரித்தது. அச்சில்லுடன் மென்பொருளும் சேர்ந்தே கிடைத்தமையால், சிறு பட்டறைகள் ஓர் உறையையும் திரையையும் பொருத்திச் சந்தைக்கு அனுப்பின. பெயர் எதற்கு? சில்லின் உள்ளே இருந்தது இசட்80 வகைக் கணிப்பான், 1976 இல் அறிமுகமான வடிவமைப்பு! ஒலியைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு மட்டும் தனியொரு பகுதி துணை நின்றது. அமெரிக்காவின் சிக்மாடெல் நிறுவனம் காப்புரிமை மீறல் என்று முறையிட, அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2006 இல் அதற்குச் சார்பாக முடிவு செய்தது. மறு ஆண்டு இரு தரப்பும் சமரசமாகின. இந்த வழக்கின் சலசலப்பு எதுவும் மட்டக்களப்பின் நடைபாதைக் கடைகளை எட்டவில்லை.

எம்.பி.4 என்ற பெயரே ஒரு வணிகத் தந்திரம். அப்பெயரால் முறையான ஒரு கோப்பு வடிவம் உண்டு. ஆனால் இப்பெட்டிகளுள் மிகப்பல அதனை இயக்கமாட்டா. மூன்றுக்கு அடுத்தது நான்கு, ஆகவே மேலானது என்று வாங்குபவர் எண்ணிக்கொள்வார் அல்லவா? உண்மையில் அவை காட்டியது 'ஏ.எம்.வி.' என்ற வேறொரு வடிவம். வலுவற்ற சில்லால் முறையான காணொளியை விரிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனிப் புகைப்படமாகச் சுருக்கி வரிசையாய்க் காட்டும் எளிய ஏற்பாடு அது. கருவியுடன் வரும் சிறிய இறுவட்டிலுள்ள மென்பொருளால் படத்தை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். 2007 இல் 'சிவாஜி' வெளிவந்தபோது அதன் பாடற்காட்சிகளை மாற்றித்தரும்படி கணினி வைத்திருந்தவர்களிடம் பையன்கள் காத்துக்கிடந்தார்கள். அஞ்சல் தலையைவிடச் சற்றுப் பெரிய திரையில் ரஜினிகாந்த் ஒரு நிறப்புள்ளியாக ஆடினார். காணொளி எனக்கு எந்நாளும் பயன்படவில்லை. பாட்டின் ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கச்செய்யும் வசதி மிகவும் பயன்பட்டது. ஆங்கிலம் கற்கும் மாணவர்களும் கூத்தின் தாளக்கட்டைப் பயில்பவர்களும் அதனைத் தேய்த்தெடுத்தார்கள்.

தமிழ் மட்டும் அப்பெட்டிக்குள் நுழையவேயில்லை. பட்டியலில் பல மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. 1991 இலேயே யூனிகோட்டில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றாலும், இச்சில்லின் எழுத்துருவில் அது சேர்க்கப்படவில்லை. கோப்புக்குத் தமிழில் பெயரிட்டால் திரையில் கட்டங்கள் தோன்றின. அக்காலத்தில் இலங்கைப் பத்திரிகையாளர் பெரிதும் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் தட்டிய உரையை 'மின்னூல்' பகுதியில் திறந்தால் இன்னும் வேடிக்கை. 'அம்மா' என்ற சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாக நிற்கும். வேறு வழியின்றித் தமிழ்ப் பாட்டுகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கப் பழகினோம். அந்தப் பழக்கம் இன்னும் பலரை விட்டபாடில்லை.

வானொலி இருந்தது, ஆனால் பண்பலை மட்டுமே. பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸும் சிற்றலையில் ஒலித்தவை. தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30 அன்று ஓய்ந்தது. ஆக, இரவுச் செய்திக்குப் பழைய வானொலிப்பெட்டியையே நாடவேண்டியிருந்தது. போர்க்காலத்தில் ஒரு வானொலியின் தகுதியை அது சிற்றலை பிடிக்கிறதா என்பதை வைத்தே நாங்கள் மதிப்பிட்டோம்.

இனி அந்த ஊசித்துளைக்கு வருகிறேன். 2004 மே 31 அன்று ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அதன் பின் எமது பகுதியில் ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் ஏந்தித் திரிவது புத்திசாலித்தனமன்று. சோதனைச் சாவடியில் கசெற் பதிவுக் கருவி கேள்விகளைக் கிளப்பும். காதில் சொருகிய கம்பியுடன் சினிமாப் பாட்டு ஒலிக்கும் பெட்டியோ கிளப்பாது. விளையாட்டுப் பொருளென்று திருப்பித் தந்துவிடுவார்கள். அதே பெட்டியை யூ.எஸ்.பி.யில் செருகினால் புகைப்படங்களையும் செய்திக் கோப்புகளையும் சுமக்கும். மேசைவிளக்கு எரியுமிடத்தில் கணினியொன்று இருந்தால் போதும், அதற்குப் பற்றரி வாங்கவும் வேண்டியதில்லை. பிரஸ்மனிலிருந்து கழற்றப்பட்டது சுமார் கால் நூற்றாண்டின் பின் ஊர்பேரற்ற ஒரு பட்டறையிலிருந்து எனக்குத் திரும்பிவந்தது.

2007 மார்ச்சில் படுவான்கரையில் போர் மூண்டு, மக்கள் திரளாக வாவியைக் கடந்து இக்கரை வந்தார்கள். அவர்களுள் ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அண்ணாவியார். வடமோடிக் கூத்துகளைப் பழக்கியவர். மட்டக்களப்புக் கூத்தை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார்; சி. மௌனகுரு அதனை விரிவாக ஆராய்ந்தார். இவ்வண்ணாவியாரோ எந்த ஆராய்ச்சியிலும் இடம்பெறாதவர். அவருடைய கூத்துக் கொப்பிகள் வீட்டுடன் போய்விட்டன. மனத்தில் நிற்பதைப் பாடித் தருவதாகச் சொன்னார். ஐந்து காலைகள், ஒரு வேப்பமர நிழலில், மத்தளமும் சல்லரியும் இன்றிப் பாடினார். முதல் நாள் பெட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள நாடா எங்க மனே ஓடுது?" என்று கேட்டார்.

"நாடா இல்ல அண்ணாவியார், எல்லாம் எழுத்தாப் பதியுது" என்றேன்.

"எழுத்தாவா? அப்ப கொப்பி மாதிரித்தான்" என்றார் திருப்தியோடு.

முதல் நாள் பதிவைப் போட்டுக் கேட்டேன், தெளிவாக இருந்தது. மற்ற நாட்களில் பட்டியலில் கோப்பும் அதன் நேரமும் காட்டியமையால் கேட்டுப்பார்க்கவில்லை. நாற்பதாண்டுத் தொழில் அனுபவமுள்ளவன் செய்யத்தகாத பிழை அது.

மலிவுப் பெட்டிகளில் நடந்த மோசடி இதுதான். உள்ளே பொருத்திய நினைவகம் 256 எம்பி. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளில் கைவைத்து, கணினிக்கு 1 ஜீபி என்று பொய் சொல்லவைப்பார்கள். மெய்யான இடம் நிறைந்தபின் எழுதப்படுபவை எங்கும் எழுதப்படுவதில்லை. பெயர் இருக்கும், அளவு இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. தமக்கையின் மகன் அன்பாக நிரப்பித் தந்த அறுபது சினிமாப் பாட்டுகள் ஏறத்தாழ 240 எம்பியைப் பிடித்திருந்தன. அவற்றுள் ஒரு பத்தை நான் அழித்திருந்தாலே ஐந்து நாட்பதிவும் தப்பியிருக்கும். அண்ணாவியார் ஊர் திரும்பியபின் கேட்டபோது, முதலிரு நாட்களின் இரண்டு மணி நாற்பது நிமிடங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. எஞ்சியவை அமைதி. மீண்டும் பாடுவிப்போம் என்றிருந்தேன். 2009 இல் அவர் காலமானார்.

மிஞ்சியதும் இலகுவில் கேட்கக்கூடியதாய் இல்லை. பெட்டி அதனை 'ஏ.சி.டி.' என்ற தனக்கேயுரிய வடிவத்தில் பதிந்திருந்தது. நொடிக்கு 8 கிலோபிட். ஒரு மணிநேரப் பேச்சு நான்கு எம்பிக்குள் அடங்கும். சிக்கனந்தான். ஆனால் அது தொலைபேசித் தரம். உயர்ந்த சுருதிகள் கழிந்துவிடும். வேறெந்தக் கருவியும் அதனை அறியவில்லை. பெட்டி பழுதானபின் கோப்புகள் கணினியில் ஊமையாய்க் கிடந்தன. இலவச மென்பொருளான எப்.எப்.எம்பெக், ஏ.எம்.வி.யோடு ஏ.சி.டி.யையும் வாசிக்கும் என்பதை அறிந்த இளைஞர் ஒருவர் அண்மையில் அவற்றை எம்.பி.3 ஆக்கித் தந்தார்.

அண்ணாவியாரின் பேரன் இப்போது சுவிட்சர்லாந்தில் இருக்கிறார். வட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்துக் குரற்செய்தி வந்தது. பாட்டைக் கேட்டபோது அம்மப்பாவின் குரல்போல் தெரியவில்லையாம். நாற்பதாவது நிமிடத்தில், பாட்டை நிறுத்தி இருமிவிட்டு வெற்றிலைத் தட்டத்தைக் கேட்கிறாரே, அது அவரேதானாம்.